பேரம் படியாத மென்பொருள்

ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவில், இன்னும் விற்காத மனைகளின் எல்லைக்கற்களைத் தாண்டிப் போனால் ஸ்ரீ அன்னலட்சுமி கலை அறிவியல் கல்லூரி வரும். உள்ளே நுழைந்ததும் எதிரில் சரஸ்வதி சிலை இருக்கும் என்று நினைத்துக் கை கூப்பத் தயாராகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அங்கே இருப்பது ஒரு பித்தளைப் பலகை. கல்லூரி வாங்கிய பெரிய பொருள்கள் எல்லாம் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: சொன்ன விலை, வாங்கிய விலை, கொசுறு. ஜெனரேட்டருக்குக் கொசுறு ஒரு சுவர்க்கடிகாரம். பெஞ்சுகளுக்கு, ஒடிந்தால் மாற்றிக்கொள்ள நாலு கால். விலங்கியல் துறைக்கு வாங்கிய எலும்புக்கூட்டுக்குக் கொசுறாக ஒரு கை வந்திருந்தது. அது இப்போது அலுவலக மேசையில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

தாளாளர் வீரராகவன் இந்தப் பலகையின் பக்கத்தில் நின்றுதான் புது மாணவர்களுக்கு வரவேற்புரை ஆற்றுவார். "மாணவச் செல்வங்களே! படிப்பு எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வருகிறவன் பட்டதாரியாக இருந்தாலும் ஏமாளிதான்." கைதட்டல் அடங்கியதும் முதல்வர் செங்கல்வராயன் நன்றியுரையில், கல்லூரிக் கட்டணம் மட்டும் பேரத்துக்கு உட்பட்டதல்ல என்று தெளிவுபடுத்துவார்.

வணிகவியல் ஆசிரியை சுதாவுக்கு இந்தப் பலகையைப் பார்த்தாலே காது சுடும். காரணம் உண்டு. வேலைக்குச் சேர வந்த அன்று அவள் தனக்கு வேண்டிய சம்பளத்தைச் சொன்னதும் தாளாளர் எழுந்தார், வெளியே போனார், காரில் ஏறினார். அவருடைய கல்லூரி, அவருடைய அறை, வெளிநடப்பும் அவரே. கடைக்காரன் திரும்பக் கூப்பிட மாட்டானா என்று நாலு எட்டு நடந்து பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். வீரராகவன் அதைத் தன் சொந்த நாற்காலியிலிருந்தே செய்கிறவர். ஒரு சுற்று ஆவடி செக்போஸ்ட் வரை போய்வருவார். அதற்குள் எதிராளி இறங்கிவந்திருக்க வேண்டும். செங்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த சுதாவுக்கு இது தெரியாது. வேலையே போயிற்று என்று பயந்து "சார், சார்" என்று கார் பின்னால் ஓடி, கண்ணாடி வழியாகவே பாதிச் சம்பளத்துக்குச் சம்மதித்தாள். வாட்ச்மேன் உட்பட எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

இப்படிப்பட்ட கல்லூரியில்தான் மாலைப் பிரிவு பி.காம். நடந்துவந்தது. பாடி பட்டறைகளில் லேத் ஓட்டுகிறவர்கள், அம்பத்தூர் எஸ்டேட்டில் தைக்கிறவர்கள், கடையில் பில் போடுகிறவர்கள் எல்லாம் வேலை முடிந்து வந்து படித்தார்கள். திடீரென்று ஒரு நாள், மாலைப் பிரிவு வகுப்பறைகளின் நடுச்சுவர்களை இடித்து, 'அன்னலட்சுமி மஹால்' என்று பெயர் வைத்து, வரவேற்பு நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விடத் தொடங்கினார்கள். மாலைப் பிரிவு மாணவர்கள் டிஜிட்டல் யுகத்துக்குள் அடியெடுத்து வைக்கிறார்கள் என்று தாளாளர் அறிவித்தார். எந்த வழியாக வைப்பது என்பதை அவர் சொல்லவில்லை.

சுதா வீட்டில் போய்ப் புலம்பினாள். கணவன் செல்வகுமார் போரூர் பக்கம் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறவன். "இதுக்கு எதுக்கு அழுவுற? இலவசமா நல்ல சாப்ட்வேரே கிடைக்குது" என்று சொல்லி, கல்லூரி ஆய்வகத்தில் தூசி படிந்து கிடந்த ஒரு கணினியில் இணையவகுப்பு நடத்தும் கட்டற்ற மென்பொருள் ஒன்றை ஏற்றிக் கொடுத்தான். உள்ளே இருப்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம் என்றான். சுதா முதலில் மாற்றியது கை உயர்த்தும் பொத்தானைத்தான். அதில் 'மிஸ், ஒரு டவுட்' என்று எழுதச் சொன்னாள். முதல் வகுப்பில் ஒருவர்கூடச் சந்தேகம் கேட்கத் தயங்கவில்லை. இரண்டாவது வகுப்பும் நன்றாக நடந்தது. மூன்றாவது வகுப்புக்குள் முதல்வருக்குச் செய்தி எட்டிவிட்டது.

"எவ்வளவுக்கும்மா வாங்குனீங்க?" என்று கேட்டார் செங்கல்வராயன்.

"இலவசம் சார்."

முதல்வரின் முகம், பூட்டாத பீரோவைப் பார்த்தவரின் முகம்போல ஆயிற்று. "யாரு பேரம் பேசினது?"

மறுநாளே 'மென்பொருள் கொள்முதல் மற்றும் பேரக் குழு' கூடியது. குழுவுக்கென்று சில சம்பிரதாயங்கள் உண்டு. கூட்டம் தொடங்கியதும் ஏ.சி.யை நிறுத்திவிடுவார்கள், வியர்த்தால் விற்கிறவன் சீக்கிரம் இறங்கிவருவான். விற்கிறவனுக்குப் போடும் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. முதல் சுற்றில் சர்க்கரை இல்லாத தேநீர், விலை இறங்கினால் சர்க்கரை, இன்னும் இறங்கினால் பிஸ்கட். விற்கிறவர் யாரும் இல்லாததால் அந்த நாற்காலியில் சுதாவை உட்காரவைத்தார்கள்.

"சொல்லும்மா. விலை என்ன?" என்றார் தாளாளர்.

"விலை கிடையாது சார். யார் வேணா எடுத்துப் பயன்படுத்தலாம்."

"அது சரி. விலை?"

"இலவசம் சார்."

"புரியுது. அதுல எவ்வளவு குறைப்பாங்க?"

சுதா நாற்காலி ஆடாமல் பிடித்துக்கொண்டாள். "குறைக்க முடியாது சார். ஏற்கெனவே ஒண்ணுமில்ல."

"குறைக்க முடியாதா?" தாளாளர் குழுவைச் சுற்றிப் பார்த்தார். "பாத்தீங்களா? எவ்வளவு திமிர் பிடிச்ச கம்பெனியா இருக்கணும்!"

பிறகு எழுந்து நின்று உரையாற்றினார். எழுந்து நின்றால் அவருக்கு மேடைத் தமிழ் தானாக வந்துவிடும். "இந்த நிறுவனம் சும்மா வளர்ந்ததல்ல. ஒவ்வொரு செங்கல்லையும் குறைத்துப் பேசி வாங்கி வளர்ந்தது." அவருக்குப் பின்னால் சுவரில் தரையிலிருந்து கூரைவரை ஓடிய விரிசல் அதை ஆமோதித்தது. "நாளைக்கு ஒருவர் வந்து, இதில் எவ்வளவு மிச்சம் பிடித்தீர்கள் என்று கேட்டால் நான் என்ன சொல்வது? ஒரு பைசா மிச்சமில்லை என்றா? மிச்சமே பிடிக்க முடியாத பொருளை நஷ்டம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?"

முதல்வர் தீர்மானம் எழுதினார். விலை இல்லாத காரணத்தால் பேரத்துக்கு இடமில்லை. பேரத்துக்கு இடமில்லாத காரணத்தால் கொள்முதலுக்கு இடமில்லை.

அடுத்த வாரம் 'கல்விக்கடல் பிளாட்டினம்' என்ற வணிக மென்பொருளின் சார்பில் கிஷோர் என்ற இளைஞன் வந்தான். மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் அட்டை, கையில் மடிக்கணினி. தலைக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று சுவரில் படம் காட்டினான். கை உயர்த்தும் பொத்தானில் தமிழ் வருமா என்று சுதா கேட்டாள். "கோரிக்கையா பதிவு பண்ணிடுங்க மேம். அடுத்த வெர்ஷன்ல பரிசீலிப்பாங்க" என்றான். தாளாளருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அவர் கண்ணுக்கு எண்கள் மட்டும்தான் தெரிந்தன. குறைக்க வேண்டிய எண்கள். எவ்வளவு நாளாயிற்று!

"சரி தம்பி, முடிவா சொல்லுங்க" என்றார்.

"இதான் சார் முடிவு. ஃபிக்ஸட் ரேட். சிஸ்டத்துலயே மாத்த முடியாது."

தாளாளர் மகிழ்ச்சியோடு எழுந்தார், வெளியே போனார், காரில் ஏறினார். கிஷோருக்கு இந்தச் சம்பிரதாயம் தெரியாது. கூட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்து எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, மடிக்கணினியை மூடிப் பையில் வைத்து, வாடகைக் காரில் ஏறிப் போயே போய்விட்டான். வீரராகவன் செக்போஸ்ட்டைச் சுற்றிவிட்டு வந்து பார்த்தபோது குட்டைக்கால் நாற்காலி காலியாக இருந்தது. கல்லூரி வரலாற்றில் இப்படி நடந்ததேயில்லை. அன்றைக்கு மதியம் அவர் சாப்பிடவில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

ஆக, ஒன்று குறைக்கவே முடியாத இலவசம். இன்னொன்று குறைக்க மறுக்கும் விலை. குழு மறுபடி கூடி விவாதித்தது. இரண்டாவதில் குறைவதற்கு ஏதோ இருக்கிறது என்பதால் அதுவே தரமானது என்று முடிவுக்கு வந்தார்கள். ஆடி மாதம் எல்லாக் கடையிலும் தள்ளுபடி போடுவார்கள், கல்விக்கடலும் போடும், அதுவரை காத்திருக்கலாம் என்று தீர்மானமாயிற்று. அப்போது தை மாதம் நடந்துகொண்டிருந்தது. தேர்வு சித்திரையில்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. முதல்வர் ஒரு சுற்றறிக்கையும் விட்டார். "பேரம் பேசப்படாத மென்பொருளில் நடத்தப்படும் வகுப்பு வகுப்பாகாது. அதற்கு வந்த வருகை வருகையாகாது. அதில் விளங்கிய பாடம் விளங்கியதாகக் கருதப்படமாட்டாது."

அந்தச் சனிக்கிழமை சுதா அம்பத்தூர் ஓ.டி.யில் உள்ள பெரிய மளிகைக் கடைக்குப் போனாள். பில் போடும் இடத்தில் நின்றது அவளுடைய மாணவி காவ்யா. துவரம்பருப்பை இயந்திரத்தில் காட்டிக்கொண்டே காவ்யா கேட்டாள்.

"இன்னா மிஸ், ஆடிக்கு அப்பாலதான் கிளாஸாமே?"

"அப்படித்தாம்மா முடிவு பண்ணியிருக்காங்க."

"அப்ப அட்டென்டன்ஸ்? பரீட்சை எழுத உடுவாங்களா?"

காவ்யா புளியை எடுத்தாள், வைத்தாள்.

"காலைல கடை தெறந்ததுலேர்ந்து நின்னுகினே கீறேன் மிஸ். இங்க யாரும் குந்தக் கூடாது, ரூல்ஸு. அதோ உள்ள கண்ணாடி ரூம்ல அக்கவுண்ட்ஸ் செக்ஷன் கீது பாருங்க, அதுல ஒரு நாற்காலி காலி. டிகிரி முடிச்சா அது ஒனக்குத்தான்னு மேனேஜர் சொல்லிகீறாரு. இந்தப் பரீட்சை போச்சுன்னா வேற ஆளு வந்து குந்திக்கும். எனுக்கு அந்த நாற்காலி வேணும் மிஸ். வேற எதுவும் வேணாம்."

பின்னால் வரிசையில் நின்றவர் சீக்கிரம் ஆகட்டும் என்று செருமினார். சுதா பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஒரு பித்தளைப் பலகைக்காக ஒரு பெண் உட்கார இடமில்லாமல் போக வேண்டுமா என்று வழியெல்லாம் மனத்துக்குள் திட்டிக்கொண்டே போனாள்.

வீட்டில் வேம்புலி உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். பட்டாபிராம் பக்கத்து மனை வியாபாரத்தில் அவருக்குத் தெரியாத கல் கிடையாது. அவருடைய அப்பா கூலிக்கு நாற்று நட்ட வயல்களையே இப்போது அவர் மனையாக விற்றுக்கொண்டிருந்தார். சுதாவுக்கு இந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் மூன்று பேனா, விரலில் மோதிரம்.

"இன்னா மிஸ், மூஞ்சி ஒரு மாதிரியா கீது?"

சுதா எல்லாவற்றையும் கொட்டினாள். வேம்புலி காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார். சிரிக்கவில்லை. அவருக்கு இதில் வேடிக்கையாக எதுவும் தெரியவில்லை.

"தப்பு ஒங்க மேலதான் மிஸ். எடுத்த எடுப்புல அடிமட்டத்தைச் சொன்னா எவன் மதிப்பான்? மனை வாங்கறவன் மனையையா வாங்கறான்? கொறைச்சதை வாங்கறான். ஊருக்குப் போயி 'பத்து சொன்னான், ஆறுக்கு முடிச்சேன்'னு பீத்திக்கணும் இல்ல? நீங்க அதுக்கு வழியே உடலியே."

சுதா அவரைப் பார்த்தாள். பிறகு செல்வகுமாரைப் பார்த்தாள். "ஏங்க, இந்த சாப்ட்வேரை விலை வெச்சு விக்கலாமா? சட்டப்படி தப்பா?"

"தப்பே இல்ல. உரிமத்துலயே எழுதியிருக்கு. யார் வேணா என்ன விலைக்கு வேணா விக்கலாம். ஆனா யாரு வாங்குவா?"

"எங்க சார் வாங்குவார்," என்றாள் சுதா. "ஒண்ணுமில்லாம ஆகற வரைக்கும் குறைச்சு வாங்குவார்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செல்வகுமார், விற்கிறவராகப் போகவேண்டிய வேம்புலிக்குப் பாடம் எடுத்தான். சர்வர், மூல நிரல், உரிமம் எதுவும் வேம்புலியின் காதில் ஏறவில்லை. மாலையில் அவரே ஒரு வழியாகத் தன் போக்கில் புரிந்துகொண்டு, "அட, இவ்ளோதானா? இத மொதல்லயே சொல்லக் கூடாதா நைனா?" என்று எழுந்து போனார். என்ன புரிந்துகொண்டார் என்று செல்வகுமாருக்குப் புரியவில்லை.

'வேம்புலி டிஜிட்டல் எஸ்டேட்ஸ்' என்ற பெயரில் விலைப்புள்ளி போயிற்று. பதினெட்டு லட்சம். அதைப் பார்த்ததும் தாளாளர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார் என்று முதல்வர் பரவசத்தோடு வந்து சொன்னார்.

பேரத்தன்று ஏ.சி. நின்றது. வேம்புலி குட்டைக்கால் நாற்காலியைப் பார்த்தார். மனை வியாபாரத்தில் அவர் பார்க்காத நாற்காலியா? சட்டைப் பையிலிருந்து பழைய துண்டறிக்கை ஒன்றை எடுத்து மடித்து, காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். தாளாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வந்திருப்பது சாதாரண ஆளில்லை.

"உங்க மென்பொருள்ல அப்படி என்ன விசேஷம்?"

"சார், அந்தப் பிளாட்டினம்காரன் குடுக்கறது வாடகை வூடு. மாசாமாசம் வாடகை குடுத்துகினே இருக்கணும். ஒரு ஆணி அடிக்கணும்னாகூட ஓனரைக் கேக்கணும். ஒரு மாசம் குடுக்கலன்னா சாமான வெளில போட்டுருவான். நம்மளுது சொந்த மனை. இஷ்டப்பட்டா ரூம் எடுத்துக்கோ, செவுத்த இடிச்சுக்கோ, எவனும் கேக்க மாட்டான்."

சுவரை இடிப்பது என்றதும் தாளாளர் முகம் மலர்ந்தது. "வில்லங்கம்?"

"இன்னா சார் இப்டி கேட்டுட்ட! மத்த கம்பெனிலாம் மூலப் பத்திரத்தைக் கண்ணுல காட்டுவானா? பொட்டில போட்டுப் பூட்டி வெச்சிகினு கீறான். நாங்க மூலப் பத்திரத்தையே கைல குடுத்துருவோம். ஆளு வெச்சுப் படிச்சுப் பாத்துக்கோ."

செல்வகுமார் நாள் முழுக்க விளக்கிய, மென்பொருளின் உள்ளே எழுதியிருக்கும் மூல நிரலைத்தான் அவர் மூலப் பத்திரம் என்கிறார் என்று சுதாவுக்கு அப்போதுதான் பிடிபட்டது. குழு தலையாட்டியது. மூன்று வாரமாக ஒன்றும் விளங்காமல் கூடிக்கொண்டிருந்த குழுவுக்கு முதன்முறையாக எல்லாம் விளங்கியது.

பேரம் தொடங்கியது. பதினெட்டு பன்னிரண்டானது, சர்க்கரை போட்ட தேநீர் வந்தது. பன்னிரண்டு ஒன்பதானது, பிஸ்கட் வந்தது. தாளாளர் எழுந்து காருக்குப் போனார். வேம்புலி சம்பிரதாயம் தெரிந்தவர், வாசல் வரைக்கும் ஓடி, "சார், சார், ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போ சார்!" என்று மார்பில் அடித்துக்கொண்டார். கார் செக்போஸ்ட் வரை போய்த் திரும்பி வந்தபோது தாளாளருக்கு வயது குறைந்திருந்தது. மேடைத் தமிழும் எங்கேயோ வழியில் விழுந்துவிட்டிருந்தது.

"இன்னாய்யா வெலை சொல்ற? ஊர்ல ஒலகத்துல இல்லாத வெலை! மூணு தரேன்."

"மூணா! இன்னா நைனா, கண்ணுல ஈரமே இல்லியா ஒனக்கு? நாலுக்குக் கீழ ஒரு பைசா கட்டாது."

"மூணரை."

"நாலு. என் கொழந்த மேல சத்தியம்."

"சரி ஒழிஞ்சு போ, நாலு!" இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

சும்மா கொடுக்க வேண்டிய பொருளை நாலு லட்சத்துக்கு முடித்துவிட்டு வேம்புலி வெற்றிப் புன்னகையோடு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் சும்மா கொடுத்துவிடுவது என்ற ஏற்பாடு அவருக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள். "இரு மிஸ், நல்ல வெலைதான்" என்று முணுமுணுத்தார். மறுபடி, இந்த முறை குதிகாலால் மிதித்தாள். அவருக்கு நினைவு வரவில்லை. வலி மட்டும் வந்தது.

அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "சார், சொல்லக் கூடாது... பூந்தமல்லியில உங்க மச்சான் காலேஜ்ல இதையே சும்மா வாங்கிட்டாங்களாம்."

அது பொய்யில்லை. அங்கே ஒரு ஆசிரியர் இதைத் தானே இறக்கிக்கொண்டு வகுப்பு நடத்திக்கொண்டுதான் இருந்தார். தாளாளரின் முகம் சிவந்தது. மச்சானோடு அவருக்குப் பத்து ஆண்டாகப் பேச்சுவார்த்தை இல்லை. போட்டி மட்டும் உண்டு.

"சும்மாவா?" என்று வேம்புலியின் பக்கம் திரும்பினார். "அந்த ஆளுக்கு சும்மா குடுத்துட்டு, எனுக்கு நாலா?"

வேம்புலிக்கு இப்போது எல்லாம் நினைவு வந்தது. ஆனால் படிந்த பேரத்தைக் கையாலே உடைப்பதற்கு அவருடைய தொழில் தர்மம் இடம் கொடுக்கவில்லை. கண்ணில் நிஜமாகவே நீர் கோத்துக்கொண்டது. "எட்துக்கோ நைனா. சும்மாவே எட்துக்கோ. எனுக்கு இன்னிக்கு நேரம் சரியில்ல."

அறையில் கைதட்டல் எழுந்தது. ஏ.சி.யைப் போட்டார்கள். முதல்வர் ஓடிவந்து தாளாளருக்குச் சால்வை போர்த்தினார். "பதினெட்டு லட்சம் மிச்சம்!" என்று தாளாளர் குரல் தழுதழுக்கச் சொன்னார். அந்த மகிழ்ச்சியிலும் பழக்கம் விடவில்லை. "கொசுறு?"

வேம்புலி திகைத்தார். சும்மா போகிற பொருளுக்குக் கொசுறு கேட்ட ஆளை அவர் தொழிலில் பார்த்ததில்லை. "இன்னும் இன்னா சார் கேக்கற? வோணும்னா ஒங்க ஆளு ஒருத்தருக்கு எல்லாத்தையும் கத்துக் குடுத்துட்டுப் போறேன். மிசினை அவங்களே பாத்துக்கட்டும்."

எல்லோரும் சுதாவைப் பார்த்தார்கள்.

"சுதாவா? நல்லது," என்றார் தாளாளர். "சம்பளம் ஏற்கெனவே பேசி முடிச்சதுதான்."

ஒரே வாரத்தில் பலகையில் புது வரி ஏறியது. இணையவகுப்பு மென்பொருள். சொன்ன விலை, பதினெட்டு லட்சம். வாங்கிய விலை, சும்மா. கொசுறு, திருமதி சுதா, எம்.காம்., எம்.ஃபில். அதைப் படித்தபோது அவளுக்கு அவமானமாகத்தான் இருந்தது. எலும்புக்கூட்டின் கையும் தானும் இனி ஒரே கட்டத்தில். ஆனால் அன்று மாலையே வகுப்பு தொடங்கிவிட்டது. பாடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் ஒவ்வொரு பெயராகத் திரையில் ஏறியபோது மற்றதை மறந்துபோனாள்.

பங்குனி கடைசியில் வருகைக் கணக்குப் போட்டபோதுதான் அடுத்த இடி விழுந்தது. காவ்யாவுக்கும் இன்னும் சிலருக்கும் இரண்டே இரண்டு வகுப்பு குறைந்தது. பேரம் பேசப்படாத மென்பொருளில் நடந்த அந்த முதல் இரண்டு வகுப்புகள்தான். அதே கணினி, அதே மென்பொருள், அதே பொத்தான். முதல்வர் சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினார். "அப்போ அது சும்மா கிடந்ததும்மா. இப்போ சும்மா வாங்கினது. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு."

சுதா திரும்பி வந்தாள்.

மறுநாள், தாளாளர் தன் சாதனையைக் காட்டப் பூந்தமல்லி மச்சானையே அழைத்திருந்தார். சமாதானம் என்ற பெயரில் வெறுப்பேற்றுவதற்காக. மச்சான் வந்து மஹாலில் உட்கார்ந்து பாதாம்பால் குடித்துக்கொண்டிருந்தார். மென்பொருளைத் திறந்து காட்டத் தெரிந்தவள் கல்லூரியிலேயே சுதா ஒருத்திதான். தாளாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

அவள் அறைக்குள் வந்து, குட்டைக்கால் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே, வேலைக்குச் சேர வந்த அன்று கேட்ட சம்பளத்தைக் கேட்டாள்.

வீரராகவன் புன்னகைத்தார். எழுந்தார், வெளியே போனார், காரில் ஏறினார். ஜன்னலை இறக்கிவைத்துக்கொண்டு மெதுவாகவே ஓட்டினார், அவள் ஓடிவர வசதியாக. செக்போஸ்ட்டைச் சுற்றித் திரும்பி வருகிற வழியில், எதிரே ஆவடி போகிற ஷேர் ஆட்டோவில், ஓரத்து சீட்டில், கைப்பையை மடியில் வைத்தபடி சுதா போய்க்கொண்டிருந்தாள்.

அவர் காரைத் திருப்பினார். ஷேர் ஆட்டோ நிற்கவில்லை. ஆள் ஏற்ற அது நின்ற இடத்தில் கதவைத் திறந்து இறங்கி ஓடினார். "அம்மா சுதா! அம்மா சுதா!"

ஆட்டோவுக்குள் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சுதா மட்டும் நேராகப் பார்த்தாள்.

"மச்சான் காத்துகினு கீறாரும்மா! கொஞ்சம் கொறைச்சுக்கோயேன்!"

"ஃபிக்ஸட் ரேட் சார். சிஸ்டத்துலயே மாத்த முடியாது."

டிரைவர் கியரைப் போட்டான். ஆட்டோ நகர்ந்தது. தாளாளர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தார். "சரிம்மா, சரி! கேட்டதே தரேன்! எறங்கு!"

"கொசுறு?" என்றாள் சுதா.

மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்த வீரராகவனின் முகத்தில் அந்த நிலையிலும் ஒரு மரியாதை தெரிந்தது. "இன்னா வேணும்?"

"தை மாசம் நடந்த ரெண்டு வகுப்பு. அதுக்கு வந்தவங்களுக்கு வருகை போடணும்."

"காசு எதுவும் ஆவுமா?"

"ஆகாது சார்."

"போட்டுக்கோ!" என்று கத்தினார். சும்மா போகிற ஒன்றைக் கொடுத்து ஒரு பேரத்தை முடித்துவிட்ட சந்தோஷம் அவருக்கு.

சுதா இறங்கினாள். டிரைவர் பாதி வழிக்கான காசைக் கேட்டான். தாளாளர் அவனிடம் பேரம் பேசத் தொடங்கினார். சுதா அவருக்காகக் காத்திருக்காமல் காரின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். கடையில் போனை எடுக்கக் கூடாது என்று தெரிந்தும் காவ்யா முதல் மணியிலேயே எடுத்தாள்.

"நாற்காலியைத் துடைச்சு வைக்கச் சொல்லு," என்றாள் சுதா.